புகை குறையும், போகாது: பனமலை வீட்டுக்கு ஒரு விறகடுப்பு

புகையில்லா அடுப்பு என்ற பெயரில் விற்கிற எஃகு விறகடுப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மாயம் ஒன்றுமில்லை. ஓர் உருளைக்குள் இன்னொரு உருளை, முன்புறம் விறகு நுழைக்க வாய், அடியில் கம்பித் தட்டு, மேலே பாத்திரம் தாங்கும் கால்கள், பக்கத்துக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கிரீன்வே போன்ற அடுப்புகள் இந்த வகை. விசிறியும் சார்ஜும் கிடையாது, காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். ராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் மலைமேலும், ஏரியும் கழனியும் கீழேயுமாக இருக்கிற விழுப்புரம் மாவட்டப் பனமலையில், வேலி ஓரமெல்லாம் விறகு சும்மா கிடைக்கிறது. அங்கே ஒரு வீட்டுக்கு இந்த அடுப்பு உதவுமா என்றால், உதவும். விறகை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. புகையில்லாதது என்பது உண்மையில்லை. இதை வாங்குகிறவர் சமையலறைக்கு வெளியே வைக்க வாங்க வேண்டும். வீட்டுக்குள்தான் விறகு எரிய வேண்டுமென்றால், புகைபோக்கி வைத்துக் கட்டிய அடுப்பைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க முடியாது.

விறகு எப்படி மிச்சமாகிறது? மண் அடுப்பில் தீ பாதி பாத்திரத்துக்கும் பாதி சுவருக்கும் போகிறது. அடியில் காற்று புகாமல் கட்டை அரைகுறையாக எரிந்து கரியாகிறது. இந்த எஃகு அடுப்பில் கம்பித் தட்டுக்குக் கீழிருந்து காற்று ஏறுகிறது, குறுகிய உருளைக்குள் சூடு தங்குகிறது, ஜுவாலை நேராகப் பாத்திரத்தின் அடியைத் தொடுகிறது. ஊதாங்குழலுக்கு அதிகம் வேலையில்லை. ஆனால் இதற்கெல்லாம் விறகு அடுப்பின் சொல்படி கேட்க வேண்டும். வேலிக்காத்தான் கட்டையை முழுசாக வாயில் திணித்தால் காற்று வழி அடைபட்டு மண் அடுப்பைவிட மோசமாகப் புகையும். கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்து, முழ நீளத்துக்கு வெட்டி, ஒரு நேரத்தில் நாலைந்து துண்டுக்கு மேல் போகாமல், முனை எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வேலிக்காத்தான் நின்று எரியும் நல்ல விறகுதான், பிளப்பதற்குள் கை கடுத்துவிடும். அந்தப் பிளக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. கரும்புச் சோகையும் மல்லாட்டைத் தோலும் இந்த அடுப்புக்கு ஆகாது: சோகை பக்கென்று எரிந்து அடங்கும், தோல் தட்டின் இடுக்கில் உட்கார்ந்து தீயை அணைத்துவிடும். கேழ்வரகுக் களி கிண்டுவது இன்னொரு சோதனை. துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்டும்போது இந்த லேசான உருளை ஆடுகிறது. கொதிக்கிற களிப் பானை சாயாமலிருக்க, அடுப்பைச் செங்கல் திண்டில் பதித்துச் சுற்றிலும் மண் அணைத்து வைக்க வேண்டியிருக்கும். கொடியடுப்பும் இதில் இல்லை. அரிசி ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம் என்று பழகியவர்களுக்கு அது பெரிய குறை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 650 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. நல்ல கேஸ் அடுப்பில் அதில் 440 அளவு பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். உலர்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் என்று வைத்துக்கொண்டால், அதில் எட்டில் ஒரு பங்கு மட்டும் பயன்படும் பழைய அடுப்பில் ஒரு சிலிண்டரின் வேலைக்கு 240 கிலோ விறகு போகும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 13152 தரம் விசிறியில்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதத் திறன் கேட்கிறது. அதை எட்டிய அடுப்பில் 120 கிலோ போதும். பாதிக்குப் பாதி மிச்சம். தலைச்சுமையாக விறகு கொண்டுவருகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விறகை வைத்தால் மட்டும் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பம் செலவாகி, மிச்சம் புகையாக வரும். சித்திரை வெயிலில் பிளந்து காயவைத்துத் தாழ்வாரத்தில் அடுக்கிய விறகுக்கு ஈடாக எந்த அடுப்புத் தொழில்நுட்பமும் இல்லை.

அதே தர ஆவணம்தான் புகை பற்றிய உண்மையையும் சொல்கிறது. பாத்திரத்தில் சேரும் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் 350 மில்லிகிராம் வரை துகள் வெளிவரலாம் என்று அனுமதிக்கிறது அது. ஒரு நாள் சமையலுக்கு 6 மெகாஜூல் என்று குறைத்தே வைத்தாலும் 2 கிராமுக்கு மேல் ஆகிறது. 30 கன மீட்டர் சமையலறையில், மணிக்கு 15 முறை காற்று முழுசாக மாறுகிற அளவுக்குக் கதவும் சன்னலும் திறந்திருந்தால்கூட, நாள் சராசரி கன மீட்டருக்கு 190 மைக்ரோகிராமைத் தாண்டும். நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 24 மணி நேர அளவு 15. அதாவது தரச்சான்றுக்குத் தகுதி பெற்ற அடுப்பே, வீட்டுக்குள் வைத்தால், வரம்பைப் பத்து மடங்குக்கு மேல் மீறலாம். கண் எரியவில்லை என்பதால் புகை இல்லை என்று நினைத்துக்கொள்வதுதான் இந்த அடுப்பின் பெரிய ஆபத்து.

எங்கள் பாட்டி புகையிலேயே சமைத்துத் தொண்ணூறு வயது வாழ்ந்தாள் என்ற பதில் உடனே வரும். இருமி இருமிப் போன பாட்டிகள் கணக்கில் வருவதில்லை என்பதோடு அதை விட்டுவிடலாம். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று பக்கத்திலேயே நடந்த ஆய்விலிருந்து வருகிறது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் நாகப்பட்டினத்திலும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் பங்கேற்று நடத்திய ஹேப்பின் ஆய்வு அது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவையும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு 18 மாதம் கேஸ் இலவசம். மற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, இவர்களுக்கு அது 24 அளவில் இருந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசமில்லை என்று 2022இல் முடிவு வந்தது. அப்படியானால் புகையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளிடம் நடந்த முந்தைய ஆய்வில், நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் எடை 4 கிராம் குறைவதாகக் கண்டார்கள். அந்த விகிதப்படி 46 மைக்ரோகிராம் குறைந்தால் கிடைப்பது 20 கிராமுக்கும் கீழே. குழந்தைக்குக் குழந்தை இயல்பாக இருக்கிற ஏற்ற இறக்கத்தில் அது கண்ணில் படாது. தவிர, பிறப்பு எடை ஓர் அளவுகோல் மட்டுமே. நாள்பட்ட நுரையீரல் நோயும் கண்புரையும் பல வருடப் புகையின் விளைவு. விறகுப் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. 18 மாத ஆய்வு இவற்றுக்கு நற்சான்று தந்துவிட முடியாது.

ஆக, புகையை வெளியே அனுப்பியாக வேண்டும். இதற்கான முயற்சி புதிதல்ல. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய சிறுநூல் 1953இலேயே சென்னையில் அச்சானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு எண்பதுகளில் மூன்று பாத்திர அடுப்பைப் புகைபோக்கியோடு வடிவமைத்தது. மத்திய அரசின் தேசியத் திட்டம் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து 2002 வரை கோடிக்கணக்கில் அடுப்பு கட்டியது. இப்படிப்பட்ட அடுப்புகள் என்ன ஆகின்றன என்பதற்கு ஒடிசாவில் ஏறத்தாழ 2,600 வீடுகளை நாலு வருடம் தொடர்ந்து கவனித்த பொருளாதார அறிஞர்கள் டுஃப்லோ, கிரீன்ஸ்டோன், ஹன்னாவின் ஆய்வு பதில் சொல்கிறது: முதல் வருடம் புகை குறைந்தது, பிறகு குழாய் அடைத்தது, அடுப்பு விரிசல் விட்டது, பலரும் பழுது பார்க்கவில்லை, பலன் மறைந்தது. புகைபோக்கி வீண் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இது உண்மையில் பராமரிப்பின் தோல்வி. குழாய் அடுப்பின் உறுப்பு, அதற்கும் கழுவல் துடைத்தல் உண்டு என்பது பழக்கத்தில் பதியாததன் விளைவு. கட்டுகிறவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குழாய் இரும்புத் தகட்டாலோ சுட்ட மண்ணாலோ ஆனதாக இருக்கட்டும். பிவிசி உருகிவிடும், பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வேறொரு நோயைக் கொண்டுவரும். வளைவு குறைந்தபட்சம் இருக்க வேண்டும். கூரைமேல் இரண்டடியாவது உயர வேண்டும், உச்சியில் மழைத் தொப்பி வேண்டும். அடியில் கரி வழிக்கத் திறப்பு வைத்து, தேங்காய் நார்க் கட்டைக் கயிற்றில் கோத்து மாதம் ஒருமுறை இழுத்தால் போதும். அரசுத் திட்டத்தில் கட்டிய 360 சதுர அடிக் கனவு இல்லத்துக் கான்கிரீட் கூரையில் பிற்பாடு ஓட்டை போட்டால் ஒழுகும் என்ற பயம் நியாயமானது. அதனால் குழாயைப் பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்து மேலே ஏற்றலாம்.

கூரை வீட்டில் புகைபோக்கி வேண்டவே வேண்டாம். பனை ஓலையும் சோகையும் வேய்ந்த கூரையில் சூடான குழாயை நுழைப்பது தீயை அழைப்பதுதான். புகை பட்டால் கூரை பூச்சி அரிக்காது என்பார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் கூரையைக் காக்க நுரையீரலைக் கொடுக்க வேண்டியதில்லை. எடுத்துச்செல்லும் எஃகு அடுப்புக்கு இடம் அங்கேதான் வருகிறது: வீட்டைவிட்டு விலகி, மேலே தகரம் போட்டு, மூன்று பக்கம் திறந்த பின்கட்டில், வைக்கோல் போருக்கும் கீற்றுக்கும் எதிர்த்திசையில். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் விறகு எரிக்கவே கூடாது. கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தணலைத் தேடிப் போகும். பற்றவைக்கப் பன்னாடையோ காய்ந்த ஓலையோ போதும், பால் பாக்கெட்டும் மண்ணெண்ணெயும் வேண்டாம். சாம்பலுக்குள் கங்கு மறுநாள்வரை உயிரோடிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் ஆறவிட்டுத்தான் குப்பையில் கொட்ட வேண்டும். குளிருக்காகத் தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் எழாமல் போன செய்தி உதகை, கொடைக்கானல் பக்கமிருந்து வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, புகையும் தெரியாது.

விசிறி வைத்த அடுப்பு இன்னும் சுத்தமாக எரியும். தரமும் அதற்குக் கடுமை, 35 சதவீதத் திறன், 150 மில்லிகிராம் துகள். ஆனால் இந்திய அறிவியல் கழகத் துணையோடு வந்த ஊர்ஜா அடுப்பு, அதற்கென்று தயாரித்த எரிகட்டியை நம்பியிருந்ததால், கட்டியின் விலை ஏறியதும் வீடுகளில் நிலைக்கவில்லை. பனமலைக்கு அது சரிவராது. கேஸ் இணைப்பு உள்ள வீட்டில் சமையல் கேஸிலேயே இருக்கட்டும்; குளிக்க வெந்நீர், நெல் அவிப்பது, மாட்டுக்குக் கஞ்சி, விருந்து நாளின் பெரிய பானை ஆகியவற்றுக்கு எஃகு அடுப்பு பின்கட்டில் நன்றாக உழைக்கும். வாங்கும்போது ஐஎஸ் 13152 முத்திரையைப் பார்த்து, கம்பித் தட்டு தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிட வேண்டும். முதலில் அரித்துப்போவது அதுதான்.