இலையுதிர்காலமும் ஆலையூரும்: ஒரு புகைப்பட மரபு பற்றிய நோக்கு

கைவிடப்பட்ட ஆலையூர்களுக்கு இலையுதிர்காலத்திற் சென்று புகைப்படம் எடுப்பது ஐக்கிய அமெரிக்காவில் ஒரு மரபாகவே வளர்ந்துள்ளது. சிவந்த இலைகள், சாயம் உதிர்ந்த பலகைச் சுவர், கண்ணாடி உடைந்த சாளரம், சாய்ந்து விழும் மாலையொளி என்பன இம்மரபின் நிலையான கூறுகள். இப்படங்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. அவ்வழகு எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே விமர்சனத்துக்குரிய வினாவாகும்.

வட கரோலைனா மாநிலத்தின் ஹென்றி ரிவர் ஆலையூரை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆற்று நீரின் விசையை நம்பி, பருத்தி நூற்பாலை ஒன்றைச் சுற்றி எழுந்த ஊர் அது. ஆலை ஓய்ந்தபின், 1977 இல் அதன் கட்டடமும் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ இருபது மரவீடுகளும் செங்கல்லாலான கம்பனிக் கடையுமே எஞ்சின. இன்று அங்கு செல்லும் புகைப்படக்காரர் ஆலையில்லாத ஆலையூரையே படமெடுக்கின்றனர். உழைப்பு நடந்த இடம் மறைந்துவிட, உழைத்தோர் உறங்கிய இடம் மட்டும் காட்சிப் பொருளாகியுள்ளது.

இலையுதிர்காலப் பின்னணி இவ்விடத்தில் வெறும் அலங்காரமன்று. அது ஒரு கருத்தையும் உடன் கொணர்கின்றது. இலை உதிர்வது இயற்கை. அதற்குப் பொறுப்பாளி எவருமில்லை. உதிரும் இலையையும் சிதையும் வீட்டையும் ஒரே சட்டகத்துள் இணைக்கும்போது, ஆலையின் அழிவும் பருவமாற்றம் போன்ற இயற்கை நிகழ்வாகத் தோற்றங்கொள்கின்றது. உண்மை வேறானது. நியூ இங்கிலாந்தின் ஆலைகளிலிருந்து குறைந்த கூலியை நாடித் தெற்கே வந்த பஞ்சாலை மூலதனம், பின்னர் அதே காரணத்துக்காகக் கடல் கடந்தது. அது மனிதர் எடுத்த முடிவுகளின் வரலாறு. உதிர்ந்த மரம் வசந்தத்தில் தளிர்க்கும். மூடிய ஆலை அவ்வாறு தளிர்ப்பதில்லை.

இச்சிக்கலை ஜெர்மனிய விமர்சகர் வோல்ட்டர் பெஞ்சமின் முன்னரே கண்டுணர்ந்தார். தொழிற்சாலையொன்றின் புகைப்படம் அதன் உள்ளுறவுகள் பற்றி ஏறக்குறைய எதனையும் கூறுவதில்லை என்ற பிரெக்டின் கருத்தை, 1931 இல் எழுதிய கட்டுரையில் அவர் எடுத்தாண்டார். வறுமையையும் நுகர்ச்சிப் பொருளாக்கவல்ல புகைப்பட நாகரிகத்தை 1934 இல் கண்டித்த அவர், படத்தோடு சொல்லும் இணையவேண்டும் என வற்புறுத்தினார்.

அவ்விணைவின் ஆற்றலை லூயிஸ் ஹைனின் பணியிற் காணலாம். தேசியச் சிறுவர் உழைப்புக் குழுவின் சார்பில் 1908 இல் வட கரோலைனாவின் நூற்பாலைகளை அவர் படமெடுத்தார். ஹென்றி ரிவருக்கு அயலிலுள்ள விற்னெல் ஆலையில் அவர் எடுத்த படமொன்றில், நூற்கும் இயந்திரத்தின் அருகே சிறுமி ஒருத்தி நிற்கின்றாள். உயரம் 51 அங்குலம். நாட்கூலி 48 சதம். சிலவேளை இரவிலும் வேலை. இவ்விவரங்களை ஹைனின் குறிப்பே தருகின்றது. நீண்டு செல்லும் இயந்திர வரிசையும் சாளரத்து ஒளியும் அப்படத்திலும் அழகாகவே உள்ளன. ஆயினும் அருகிலுள்ள சொற்கள் பார்வையாளனை அவ்வழகில் இளைப்பாற விடுவதில்லை.

ஹென்றி ரிவரின் அண்மைக்கால அனுபவமோ இதற்கு நேரெதிரானது. 2012 இல் வெளிவந்த ‘த ஹங்கர் கேம்ஸ்’ திரைப்படத்தில் அவ்வூர் கற்பனை நாடொன்றின் நிலக்கரிச் சுரங்க மாவட்டமாகவும், கம்பனிக் கடை வெதுப்பகமாகவும் தோன்றின. தன் சொந்த வரலாற்றைப் பேசாத ஊர், இன்னொரு தொழிலின் கற்பனைப் பசிக்கு வேடமிட்டது. அப்படத்தின் புகழே பயணிகள் பலரை அங்கு ஈர்த்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றால் அழிபாடுகளைப் படமெடுத்தலே தவறெனக் கொள்வது பொருந்தாது. ஆலை எரிந்த ஊரில் எஞ்சிய சுவர்களைப் பதிவு செய்வதும் ஆவணப் பணியே. ஊர் பாதுகாக்கப்படுவதற்குப் பார்வையாளரின் ஆர்வமும் துணைபுரியக்கூடும். ஆனால் எதனை நோக்கி கமெரா திரும்புகின்றது என்பதிலேயே வேறுபாடு பிறக்கின்றது. ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகளின் வரிசை, வீடும் வேலையும் ஒரே முதலாளியிடம் இருந்ததைக் காட்டவல்லது. தென்மாநில ஆலையூர்கள் பலவற்றிற் கூலி கம்பனிக் கடை வழியாகவே கம்பனிக்குத் திரும்பிச் சென்றது. அக்கடையின் கதவு அந்தச் சுழற்சியைக் காட்டவல்லது. தனித்த சாளரமொன்றின்மேல் விழும் பொன்னொளி இவற்றுள் எதனையும் கூறாது.

புகைப்படக் கலை தனது அழகைத் துறக்கவேண்டியதில்லை. அவ்வீடுகளில் வாழ்ந்தோர் யார், அவர்கள் ஏன் சென்றனர் என்ற வினாக்களைப் பார்ப்போனிடம் எழுப்பும்வரை அது ஓயாதிருத்தல் வேண்டும். அவ்வினாக்கள் எழாத படத்தில் இலைகள் மட்டுமே எஞ்சும்.