பள்ளத்தாக்கின் பார்வையாளர்: முல்லைப் பெரியாறும் காட்சி ஊடகத் தணிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

காட்சி ஊடகத் தணிக்கை குறித்த விவாதங்கள் பெரும்பாலும் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்ற வினாவைச் சுற்றியே அமைகின்றன. அதை முடிவுசெய்பவர் யார், எத்தகைய பார்வையாளரை மனத்திற்கொண்டு அம்முடிவு எடுக்கப்படுகிறது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை நேரடியாகத் தொட்ட ‘டேம் 999’ (2011), ‘எம்புரான்’ (2025) ஆகிய படங்களையொட்டி எழுந்த நிகழ்வுகளைக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் வாசகத்தோடு சேர்த்து நோக்கி, அவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தணிக்கை, கேபிள் தொலைக்காட்சி, முல்லைப் பெரியாறு, கம்பம் பள்ளத்தாக்கு, பார்வையாளர் உரிமை.

முன்னுரை

திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண நிர்வாகத்திற்கும் இடையே 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான குத்தகை ஒப்பந்தத்தின் காலம் 999 ஆண்டுகள். பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து 1895இல் நீர் கிழக்கே திரும்பியது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே லோயர் கேம்ப்பில் இறங்கும் அந்நீர், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்குப் பாய்ந்து வைகையைச் சேர்கிறது. அணையின் உறுதி குறித்து ஐயம் எழுப்பப்பட்டு 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி வழங்கியது. அதே ஆண்டில் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி அதனைத் தடுத்தது. 2014 மே 7இல் அத்திருத்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

இப்பின்னணியில் அணை உடையும் ஒரு காட்சியைப் பள்ளத்தாக்கின் உழவர் வெறும் கற்பனையாகக் கொள்ள இயலாது. அணையின் வலிமை குறித்த பொதுக் கருத்தே நீரின் அளவைத் தீர்மானிக்கும் அரசியலில், அச்சத்தைப் பரப்பும் காட்சி அவருடைய வயலைத் தொடுகிறது. ஆகவே இங்கே எழும் தடைக் கோரிக்கையை வெறும் உணர்ச்சி வேகம் என ஒதுக்குவது ஆய்வாகாது. அக்கோரிக்கைக்கு அரசு அளித்த விடை பள்ளத்தாக்கின் நலனைக் காத்ததா என்பதே ஆராயத்தக்கது.

தடையும் அதன் விளைவும்

சோஹன் ராய் இயக்கிய ‘டேம் 999’ 2011 நவம்பர் இறுதியில் திரைக்கு வந்தது. தணிக்கை வாரியம் என மக்கள் வழங்கும் மத்தியத் திரைப்படச் சான்றளிப்பு வாரியம் அதற்குச் சான்றளித்திருந்தது. 1975இல் சீனாவின் பான்சியாவோ அணை உடைந்த பேரிடரே தூண்டுதல் என்று படத்தரப்பு கூறியது. தமிழகத்திலோ தலைப்பின் எண் குத்தகையின் ஆண்டுக்கணக்காகவே வாசிக்கப்பட்டது. கட்சிகள் பலவும் எதிர்த்தன. தமிழக அரசு படத்தைத் திரையிடத் தடை விதித்தது.

அத்தடையின் நோக்கம் பொது அமைதியைக் காப்பது. ஆனால் அடுத்த சில வாரங்களில் நிகழ்ந்தவை அந்நோக்கம் நிறைவேறவில்லை என்பதைக் காட்டுகின்றன. 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் குமுளி எல்லையை நோக்கித் திரண்டனர். மலைப்பாதைகளில் போக்குவரத்து நின்றது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் பணிபுரிந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அஞ்சித் தேனி மாவட்டத்திற்குள் இறங்கின. இவை அனைத்தும் அப்படத்தைத் தமிழகத் திரையரங்குகளில் எவரும் பார்க்காத நிலையில் நடந்தவை. கொந்தளிப்பின் வேர் நீர்ப்பகிர்வுச் சிக்கலிலும் இருபுறத்து அரசியலிலும் இருந்தது. திரையை மூடியதால் அது தணியவில்லை.

தடையின் எல்லையும் கவனத்திற்குரியது. தமிழக அரசின் ஆணை குமுளிக் கணவாயோடு முடிந்துவிடுகிறது. அணையை அஞ்சத் தூண்டப்பட்டதாகக் கருதப்பட்ட கேரளப் பார்வையாளருக்குத் தமிழக ஆணையால் எத்தடையும் இல்லை. அதற்கு மறுமொழி சொல்லத் தகுதியும் தேவையும் உடைய பள்ளத்தாக்கின் பார்வையாளருக்கே படம் மறுக்கப்பட்டது. எதிர்வாதம் புரிய வேண்டியவரிடமிருந்து வாதத்தையே மறைத்தது அத்தடை. நீர்வரத்தையும் மதகையும் சுரங்கத்தையும் தலைமுறைகளாக அறிந்தவர்கள் படத்தின் பிழைகளைக் காட்சி வாரியாகச் சுட்டிக்காட்டியிருக்க முடியும். பார்க்காத படத்தை எதிர்ப்பதற்கு மட்டுமே அவர்களுக்கு வாய்ப்பிருந்தது.

சட்டம் கற்பனை செய்யும் இரு பார்வையாளர்

ஒவ்வொரு தணிக்கை முடிவிற்குள்ளும் ஒரு கற்பனைப் பார்வையாளர் உறைகிறார். நீதிமன்றத் தீர்ப்புகளில் தென்படுபவர் ஒருவர். 1988இல் கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’ தொடரைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியபோது, அது கலவரத்தைத் தூண்டும் என வழக்குத் தொடரப்பட்டது. மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகள் தொடரை நேரில் பார்த்தே முடிவு செய்தனர். உச்ச நீதிமன்றமும் ஒளிபரப்பை அனுமதித்தது. எளிதில் நிலைகுலைபவரின் கண்கொண்டு ஒரு படைப்பை அளக்கலாகாது, நிதானமும் மனவுறுதியும் உடையவரின் கண்கொண்டே அளக்க வேண்டும் என்பது அங்கே வலியுறுத்தப்பட்ட அளவுகோல். அடுத்த ஆண்டு ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில், சான்றிதழை ரத்துசெய்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மாற்றியது. எதிர்ப்பாளரின் மிரட்டலைக் காரணங்காட்டி அரசு கருத்துரிமையைக் கைவிடுதல் சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்ற கருத்து அதில் தெளிவாக இடம்பெற்றது. ‘ஆரக்ஷன்’ படத்தை உத்தரப் பிரதேச அரசு நிறுத்திவைத்த ஆணையும் 2011 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. ‘டேம் 999’ தடைக்கும் இத்தீர்ப்புக்கும் இடைவெளி மூன்று மாதங்களே.

நிர்வாக ஆணைகளில் தென்படுபவர் மற்றொருவர். அவர் கூட்டத்தின் ஓர் உறுப்பு. பார்த்தவுடன் தெருவுக்கு வருபவர். சிந்திக்கும் ஆற்றலைவிடச் சினக்கும் ஆற்றல் மிக்கவர். நீதிமன்றம் நெடுங்காலமாகக் கைவிட்டு வந்த இப்பார்வையாளரை நிர்வாகம் மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்கிறது. தணிக்கையின் உண்மையான மோதல் இவ்விரு கற்பனைகளுக்கும் இடையிலானது.

ஒரே மேசையில் மூன்று அதிகாரங்கள்

அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி, படங்களைக் காட்சிக்கு அனுமதிப்பதும் ஒளிபரப்பும் ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ளன. அவ்வனுமதிக்கு உட்பட்டுத் திரையரங்குகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. இப்பகுப்பு மேலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தோன்றினாலும் மாவட்ட அளவில் மங்கிவிடுகிறது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம், அமைதி குலையும் எனக் கருதினால் ஒரு படத்தை நிறுத்திவைக்க மாநில அரசுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அதிகாரம் தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு இரண்டாவது வழி. 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 163ஆம் பிரிவாகியுள்ளது. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 31 பேர் நிறுத்தியது இவ்வழியில்தான். ஊருக்கு ஊர் சூழல் வேறுபட்டிருந்தும் அத்தனை மாவட்டங்களிலும் ஒரே அச்சம் ஒரே நேரத்தில் உணரப்பட்டது என்பது, அம்முடிவு மாவட்டங்களில் பிறக்கவில்லை என்பதற்கே சான்று.

மூன்றாவது வழி தொலைக்காட்சிக்குரியது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு நிகழ்ச்சிகளை ஒரு நெறித்தொகுப்புக்கு உட்படுத்துகிறது. 19ஆம் பிரிவு, அந்நெறியை மீறும் நிகழ்ச்சியையோ மொழி, வட்டாரம், சமயம், சாதி முதலியவற்றின் பெயரால் பகைமை வளர்க்கக்கூடிய நிகழ்ச்சியையோ பொது அமைதியைக் குலைக்கக்கூடிய நிகழ்ச்சியையோ நிறுத்துமாறு கேபிள் நடத்துநருக்கு ஆணையிட, அதிகாரம் பெற்ற அலுவலருக்கு உரிமை தருகிறது. அவ்வலுவலர் மாவட்ட நிர்வாகத்துறை நடுவர் என்ற நிலையிலுள்ள ஆட்சியரோ கோட்ட நடுவரோ காவல் ஆணையரோ ஆவார். ஒரு நிகழ்ச்சியை மட்டுமின்றி ஓர் அலைவரிசையையே நிறுத்தவும் இப்பிரிவு இடமளிக்கிறது. ‘குலைக்கக்கூடிய’ என்ற சொல்லின் நெகிழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். நிகழ்ந்ததற்கு அச்சொல் சான்று கேட்பதில்லை. நிகழலாம் என்ற கணிப்பே போதுமானதாகிவிடுகிறது. எல்லையோர மாவட்டத்தில் மொழியையும் வட்டாரத்தையும் தொடும் எந்த நீர்ச் செய்தியையும் இவ்வாசகத்திற்குள் அடக்கிவிட முடியும்.

கதைக்கு முன்தணிக்கை, செய்திக்கு இல்லை

கதைப்படம் திரைக்கு வருமுன்பே சான்று பெற வேண்டும். தொலைக்காட்சிச் செய்திக்கு அவ்வாறான முன்சான்று எதுவும் இல்லை. 2011இல் இடுக்கிப் பகுதியில் நில அதிர்வுகள் உணரப்பட்டதை அடுத்து, மலையாளச் செய்தி அலைவரிசைகள் அணையைப் பற்றி இடைவிடாது பேசின. செயற்கைக்கோள் வழி வரும் அவ்வொளிபரப்பு மாநில எல்லையை அறியாது. தமிழ் அலைவரிசைகள் பீருமேட்டையும் தேவிகுளத்தையும் எட்டுவது போலவே அவை கம்பத்தையும் எட்டுகின்றன. அச்சத்தை உருவாக்கும் ஆற்றல் ஒரு கதைப்படத்தைவிட நாள்தோறும் வீட்டுக்குள் ஒலிக்கும் செய்திக்கே மிகுதி. இருந்தும் தடையின் கை கதையின் மீதே விழுந்தது. எது தீங்கானது என்ற ஆய்வைவிட எது எளிதில் தடுக்கத்தக்கது என்ற கணக்கே தணிக்கையை இயக்குகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

செய்தி அலைவரிசைகள் தப்பிவிடுகின்றன என்பதன்று இதன் பொருள். டெல்லிக் கலவரச் செய்திகளுக்காக 2020 மார்ச்சில் ஏசியாநெட் நியூஸ், மீடியாவன் ஆகிய மலையாள அலைவரிசைகளுக்கு ஒன்றிய அரசு 48 மணிநேரத் தடை விதித்துப் பின் விலக்கிக்கொண்டது. 2022இல் மீடியாவன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது அதற்கான காரணங்கள் மூடி முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்திற்குத் தரப்பட்டன. 2023 ஏப்ரல் 5இல் உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கியது. காரணம் அறிய முடியாத தடையை எதிர்த்து வாதிட முடியாது என்பதே அத்தீர்ப்பிலிருந்து பார்வையாளர் பெறும் பாடம்.

ஆணையில்லாத் தணிக்கை

காரணம் மறைக்கப்படும் தடைக்கு அப்பால், ஆணையே இல்லாத தடையும் உண்டு. ஒளிபரப்பாகும் அலைவரிசை வீட்டை அடைய இடையில் ஒரு வழங்குநர் தேவை. 2007இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பர் 2இல் புத்துயிர் பெற்று மாதம் 70 ரூபாய்க்குச் சேவை அளித்தது. மலையடிவார ஊர்களின் எளிய குடும்பங்களுக்கு அது பெரும் பயனளித்தது என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில், தொடக்கக் கட்டத்தில் சன் குழும அலைவரிசைகள் அதில் இடம்பெறவில்லை. காரணம் வணிகமா அரசியலா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, பார்வையாளருக்கு விளைவு ஒன்றே.

மாநில அரசுகள் ஒளிபரப்பு வழங்கலில் இறங்கலாகாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. செய்திக்கு உட்பட்ட அரசே செய்தியை வழங்கும் கம்பியையும் வைத்திருப்பதன் இடர் வெளிப்படையானது. ஓர் அலைவரிசையைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினாலோ நீக்கினாலோ அதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஆணை இல்லாததால் மேல்முறையீடும் இல்லை. சட்ட நூல்களில் தேடினால் இத்தணிக்கை கிடைக்காது. அதனாலேயே ஆய்வாளரின் கவனம் இதன்மீது மிகுதியாகத் திரும்ப வேண்டும்.

எம்புரான்: முடிவெடுப்பவர் மறையும் நிலை

2025 மார்ச் 27இல் வெளிவந்த ‘எம்புரான்’ இன்னொரு படிநிலையைக் காட்டுகிறது. குஜராத் கலவரத்தை நினைவூட்டும் காட்சிகளுக்கு எழுந்த எதிர்ப்பால் படக்குழுவினரே காட்சிகளை நீக்கி மீண்டும் வாரியத்தின் ஒப்புதலைப் பெற்றனர். அதே காலத்தில் முல்லைப் பெரியாற்றை நினைவூட்டும் அணைக் குறிப்புகளுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். தமிழகச் சட்டமன்றத்திலும் அது பேசப்பட்டது. ஏப்ரல் இறுதியில் இணையவழித் தளத்தில் வெளியானது திருத்தப்பட்ட வடிவமே.

இங்கே தடையாணை எதுவும் இல்லை. ஆட்சியரும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. ஒருமுறை சான்றளித்த வாரியம் இரண்டாம் முறை வெட்டுகளுக்குச் சான்றளித்தது. 2011இல் குறைந்தபட்சம் தடைசெய்தவர் யார் என்பது தெரிந்தது. அவரை எதிர்த்து வழக்காட முடிந்தது. 2025இல் முடிவெடுத்தவர் எவரென்று சுட்டவே முடியவில்லை. வெவ்வேறு காரணங்களுக்காக எழுந்த குரல்கள் ஒரே வெட்டுக்கத்தியில் ஒன்றுசேர்ந்தன. நீர் உரிமைக்காகக் குரல்கொடுத்த உழவரின் கோரிக்கையும், வரலாற்றை மறைக்க விரும்பிய அரசியலும் ஒரே வகைக் குறையாகவே கணக்கிடப்பட்டன. உழவரின் நியாயமான தரப்பிற்குத் தணிக்கை இழைக்கும் தீங்கு இதுவே: அது அவருடைய வாதத்தை ‘புண்பட்ட உணர்வு’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிவிடுகிறது. அணையின் வலிமை குறித்த சான்றுகளும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் அவர் பக்கம் இருக்கையில், சான்றைப் பேச வேண்டிய இடத்தில் சினத்தை மட்டுமே பேச வைக்கிறது.

முடிவுரை

அலைக்கற்றை பொதுச்சொத்து என்றும், அரசின் பிடிக்கு அப்பாற்பட்ட தன்னாட்சி அமைப்பு ஒன்று ஒளிபரப்பை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் 1995 பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1997இல் கொண்டுவரப்பட்ட ஒளிபரப்பு மசோதா நிறைவேறவில்லை. 2021இல் விதிகளில் சேர்க்கப்பட்ட மூன்றடுக்குக் குறைதீர் அமைப்பின் உச்சியில் இன்றும் ஒன்றிய அரசே அமர்ந்திருக்கிறது. இவ்வெற்றிடத்தில்தான் ஆட்சியரின் மேசையும், கேபிள் பட்டியலும், தயாரிப்பாளரின் அச்சமும் தீர்ப்பிடும் இடங்களாகின்றன.

தடையே கூடாது என்பது இக்கட்டுரையின் முடிவன்று. உயிருக்கு உடனடி ஆபத்து என்னும் நிலை எழக்கூடும். 2011 டிசம்பர் அதற்கு அருகில் வந்தது. ஆனால் எந்த நிறுத்தமும் எழுத்தில் அமைய வேண்டும். முடிவெடுப்பவர் படைப்பைப் பார்த்திருக்க வேண்டும். காரணமும் கால எல்லையும் வெளியிடப்பட வேண்டும். அலைவரிசையை நீக்குவதும் இடம் மாற்றுவதும் இதே நெறிக்குள் வர வேண்டும். இவற்றோடு, பாதிக்கப்பட்டோரின் மறுமொழிக்கு அதே ஊடகத்தில் இடம் கிடைக்க வேண்டும். அணை குறித்த அச்சத்தை ஒளிபரப்பும் அலைவரிசை, அவ்வணையின் நீரில் வாழ்பவரின் சான்றையும் ஒளிபரப்பக் கடமைப்பட்டிருந்தால், தடைக் கோரிக்கைக்கான தேவையே பெரிதும் குறையும். கம்பம் பள்ளத்தாக்கின் பார்வையாளருக்கு இன்று தேவைப்படுவது பதில் சொல்வதற்கான அந்த இடம்.