கருவிச்சூது: ஒரு சொல்லாய்வு

இணைய விளையாட்டு மோசடியை ‘ஊடுருவல்’ எனத் தமிழில் சுட்டுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. 2018 அக்டோபரில் சாங்காயில் நடைபெற்ற ‘கவுண்டர் ஸ்டிரைக்’ போட்டியில், ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவர் ஆடிய கணினியில், குறிவைக்க உதவும் நிரல் ‘வேர்டு’ என்னும் பெயரில் மறைந்திருந்தது. அவர் பிறர் கணினிக்குள் நுழையவில்லை. தாம் ஆடிய கருவியையே திரித்தார். ‘சூது’ என்னும் சொல்லோ ஆட்டத்தையும் வஞ்சனையையும் ஒருங்கே குறிப்பது. எனினும், அப்பெயர் கொண்ட குறளின் 94ஆம் அதிகாரம் பெரிதும் பேசுவது சூதாடுபவன் தனக்கே தேடிக்கொள்ளும் கேட்டை. இங்கோ தவறியவர் ஒருவர். அவருக்கு ஐந்தாண்டுத் தடை. கலைந்ததோ ஐவர் அணி. ‘ஊடுருவல்’ குற்றத்தை வெளியாரின் செயலாக்குகிறது. ‘கருவிச்சூது’ என்னும் சொல்லாக்கமே அதனை உடன் ஆடுவோர்க்கு இழைத்த வஞ்சனையாகக் காட்டும்.