கியூவின் மரப்பின்: எஃகா, மரமா?

பில்லியர்ட்ஸ் ஆடும் கோலான கியூவின் இரு பாதிகளைத் திருகி இணைக்கும் 'பின்' (மரை வெட்டிய முளை) மரத்திலேயே இருப்பது இன்றைய பூல் கியூக்களில் அரிது. பெரும்பாலானவற்றில் எஃகுத் திருகுதான். பையில்லாத மேசையில் ஆடும் கேரம் பில்லியர்ட்ஸ் கியூக்களில்தான் மரப்பின்னுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அப்படி ஒரு கியூவின் பின் நஞ்சன்கூட்டில் முறிந்தால், அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனை அநேகமாக ஒன்றுதான்: "லேத் பட்டறையில கொடுத்து ஸ்டீல் போட்டுக்கோங்க." 1880களில் ஸ்நூக்கருக்கு விதி வகுத்த ஊட்டி கிளப்புக்குப் போகும் சாலையில்தான் நஞ்சன்கூடு இருக்கிறது. ஆனாலும் கியூ வேலையில் தேர்ந்த கைக்குப் பெங்களூரு வரை தேட வேண்டியிருக்கும். ஆகவே பட்டறைக்காரர் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

முறிந்த துண்டையே அரால்டைட் வைத்து ஒட்டுவதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. முறிவு குறுக்கே போயிருந்தால் இழைகளின் நுனியோடு நுனிதான் ஒட்டுகிறது. மரவேலையில் இதைவிட வலுவற்ற ஒட்டு கிடையாது. சில ஆட்டம் தாங்கும், பிறகு அதே இடத்தில் விட்டுப்போகும்.

எஃகின் பக்க நியாயம் பலமானது. அது முறியாது, மழைக்காலத்தில் ஊதாது, மரை தேயாது. மரப்பின் முறிவதற்கு ஒரு முக்கியக் காரணம் ஈரம். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, குறுக்கே ஊதும். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில், அவற்றுக்குக் குறுக்கே ஊதுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமான பின் மெல்ல நீள்வட்டமாகிறது. அது நுழையும் மறுபாதியின் துளையும் தன் இழைப்படி வேறொரு பக்கம் கோணுகிறது. ஜூலை மாதத்தில் இறுகிப்போன மூட்டைப் பலங்கொண்டு திருகினால், மரை தொடங்கும் அடிப்பகுதியில் பின் முறியும். எஃகில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் எஃகு போடுவது ஒரு பக்கத்து வேலை அல்ல. மரப்பின்னின் மரை பருமனும் அகலமுமானது. எஃகுத் திருகு அந்தத் துளையில் பிடிக்காது. பழுதே இல்லாத மறுபாதியையும் துளைத்து, அடைத்து, பித்தளைக் குழல் பதிக்க வேண்டும். அதாவது மையம் தவறுவதற்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு வாய்ப்புகள். தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூட்டின் முகம் சுமார் 21 மில்லிமீட்டர் அகலம். ஒரு ஓரத்தில் 0.1 மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும், 29 அங்குல ஷாஃப்டின் (கியூவின் முன்பாதி) நுனி மூன்றரை மில்லிமீட்டர் விலகி நிற்கும். மேசைமேல் உருட்டினாலே தெரிகிற கோணல் அது.

எடையும் சேர்கிறது. 3/8 அங்குலப் பருமனும் 3 அங்குல நீளமும் கொண்ட எஃகுத் துண்டு சுமார் 40 கிராம் வரும். அதே அளவு மரம் 5 கிராம்கூட இராது. 540 கிராம் கியூவில் இந்தக் கூடுதல் எடை நடுவில் உட்கார்ந்து, சமநிலைப் புள்ளியை ஏறக்குறைய முக்கால் அங்குலம் முன்னே தள்ளும். அந்தக் கியூவில் பழகிய கை இதை முதல் அடியிலேயே உணரும். எஃகு போட்டால் அடியின் 'ஃபீல்' கெடும் என்ற பேச்சை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடியைத் தாங்குவது இறுக்கி அழுந்திய இரு முகங்கள். அவற்றை இழுத்துப் பிடிப்பதுதான் பின்னின் வேலை.

புது மரப்பின்னுக்குள் மெல்லிய கண்ணாடியிழைக் கம்பியைப் புதைக்கும் இடைவழியும் உண்டு. வளைவைத் தாங்கும், சரி. ஆனால் அடுத்த முறை பின்னை எடுக்கத் துளையிடும்போது டிரில் அந்தக் கம்பியில் சறுக்கி மையத்தை விட்டு ஓடும். இன்றைய பழுதை முடித்து நாளைய பழுதைத் தீராததாக்கும் வேலை இது. எனக்கு உடன்பாடில்லை.

என் முடிவு, மரத்துக்கு மரமே. பின் முறியட்டும், துளை பிழைக்கட்டும். மாற்றச் சுலபமான உறுப்புதான் முதலில் தோற்க வேண்டும்.

எந்த மரம் என்பதில் கவனம் வேண்டும். சன்னபட்ணா பொம்மைக்குக் கடையும் வெட்பாலை நுண்ணிய இழை கொண்டது, ஆனால் மரைக்கு மிருது. மைசூருவின் பெருமையான தோதகத்தி கனமும் எண்ணெய்ப் பசையும் உள்ளது. இழை பின்னிக்கிடப்பதால் மரையின் விளிம்பு பெயரும்; எண்ணெயால் ஒட்டும் பசையும் சண்டித்தனம் செய்யும். மேப்பிள் கிடைத்தால் கவலையில்லை. இல்லையென்றால் பந்திப்பூர்ப் பக்கத்து வறண்ட காடுகளின் வெக்காலியைச் சொல்வேன். வண்டி அச்சுக்கும் கோடரிக் காம்புக்கும் ஆண்டாண்டாய் உழைத்த மரம். காயும்போது வெடிக்கும் குணம் உண்டு என்பதால் புதுக் கட்டை ஆகாது. பழைய காம்பில் நேர் இழை ஓடும் துண்டாகப் பொறுக்க வேண்டும்.

வேலைக்கு இரும்பு கடையும் லேத்தே போதும், கியூவின் பட் (கைப்பிடிப் பாதி) அதன் நடுத்துளைக்குள் நுழைந்தால். மிச்சக் கட்டையைத் தட்டிப் பிடுங்காமல் மையத்தில் துளைத்தே எடுக்க வேண்டும். புதுப் பின்னுக்கான முளை தன் பருமனைப்போல் மூன்று மடங்கு ஆழமாவது உள்ளே இறங்கட்டும். மரை வெட்டுவது எபாக்சி முழுதும் இறுகிய பிறகு, கியூவை லேத்திலிருந்து கழற்றாமலே. முன்கூட்டியே மரை வெட்டிய முளையை ஒட்டுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மையம் அங்கேதான் போகிறது. மரை இறுக்கமாக உட்காரவே கூடாது. விரலால் சுழன்று, கடைசிக் கால் சுற்றில் மட்டும் முகங்கள் அழுந்த வேண்டும். கொஞ்சம் மெழுகு போதும், எண்ணெய் வேண்டாம்.

மறுபாதியின் துளையே விரிசல் விட்டிருந்தாலோ, அதன் மரை உதிர்ந்திருந்தாலோ இந்தத் தீர்ப்பு செல்லாது. காப்பாற்ற நினைத்த துளையே போய்விட்ட நிலையில், பட்டறைக்காரர் சொன்ன எஃகையும் பித்தளைக் குழலையும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.