வான்தூ மலையும் மூன்று எழுத்தாளரும்

மலை ஏறுவோன் மூச்சு வாங்குகின்றான். மலையை எழுதுவோன் பெரும்பாலும் மூச்சு வாங்குவதில்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள தொலைவை ஓர் எழுத்து எவ்வாறு கடக்கின்றது என்பதே மலை பற்றிய இலக்கியத்தை மதிப்பிடுதற்குரிய முதல் வினா. வருணனையின் அழகு அதற்குப் பின்னரே வைத்து எண்ணத்தக்கது. இவ்வினாவை எழுப்பி விடை காண்பதற்கு மிகவும் ஏற்றதொரு மலை தென்பிரான்சின் புரொவான்சுப் பகுதியில் உள்ளது. வான்தூ என்பது அதன் பெயர்.

ஏறத்தாழ 1,910 மீற்றர் உயரமுடைய இம்மலை, அயலில் நிகரான பிறிதொரு மலை இன்றித் தனித்து நிற்பது. கப்பல் கட்டுவதற்கும் பிற தேவைகளுக்குமாக அதன் காடுகள் பன்னூறாண்டு வெட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சரிவுகளில் மீண்டும் மரங்கள் நடப்பட்டன. உச்சியோ இன்றும் வெண்ணிறச் சுண்ணக்கற்களின் குவையாகவே உள்ளது. உச்சிக்குச் சற்றுக் கீழே ‘புயல்களின் கணவாய்’ எனப் பொருள்படும் பெயருடைய ஒரு கணவாய் உண்டு.  அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட கால எல்லையுள் இம்மலையைப் பற்றி எழுதியவர் பலர். அவருள் மூவர் தலைசிறந்தோர்: 14ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கவிஞர் பெத்திரார்க்கா, 19ஆம் நூற்றாண்டின் பூச்சியியல் அறிஞர் பாப்ரே, 20ஆம் நூற்றாண்டின் திறனாய்வாளர் ரோலான் பார்த். முன்னவர் இருவரும் காலால் ஏறியதை எழுதினர். மூன்றாமவர் சக்கரத்தால் ஏறியோரைப் பற்றி எழுதினார்.

இம்மூவரையும் ஒப்புநோக்குதற்குத் தமிழ்ப் பொருளிலக்கணம் ஓர் அளவுகோலைத் தருகின்றது. தொல்காப்பியர் நிலத்தோடு இயைந்த பாடலுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்தார். கருப்பொருளுள் தெய்வம் முதற்கண் வைக்கப்பட்டது. ஆயின் தனித்து வைக்கப்படவில்லை. உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்பன அதனோடு ஒருங்கு எண்ணப்பட்டன. செய்தி என்றது அந்நிலத்து மக்களின் தொழிலை. மலைக்குத் தெய்வம் ஒன்று உண்டெனின் அதன் அருகே உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் இருத்தல் வேண்டும் என்பது இவ்வைப்புமுறையாற் பெறப்படும். அகப்பாட்டுக்கு வகுத்த இலக்கணத்தைப் பிறமொழி உரைநடைக்கு ஏற்றுதல் பொருந்துமோ எனின், முழுவதையும் ஏற்றுதல் பொருந்தாது. நிலமும் மனிதனும் எவ்வாறு இயைய வேண்டும் என்னும் கேள்வியை மட்டும் அதனின்று கொள்ளுதல் பொருந்தும் என்க.

பெத்திரார்க்கா 1336 ஏப்பிரல் 26ஆம் நாள் தம் தம்பி கெரார்தோவுடனும் ஏவலர் இருவருடனும் வான்தூ மலையில் ஏறியதாக இலத்தீன் மொழியில் ஒரு கடிதம் வரைந்துள்ளார். உச்சியைக் காண வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தம்மை அங்குச் செலுத்தியது என்கின்றார். இதனாலேயே பேர்க்காட்டு என்னும் வரலாற்றாசிரியர், மறுமலர்ச்சிக் காலம் பற்றி 1860இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், இயற்கையழகை மனிதன் கண்டுகொண்டமைக்குச் சான்றாக இவ்வேற்றத்தை எடுத்துப் போற்றினார். எனினும் கடிதத்தை ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்று புலனாகும். உச்சியில் நின்ற கவிஞர் ஆல்ப்சு மலைகளையும் உரோன் ஆற்றையும் நோக்கிய சிறிது நேரத்தில், தாம் கொண்டுசென்ற புனித அகுஸ்தீனாரின் நூலைத் திறக்கின்றார். மலையையும் கடலையும் வியப்போர் தம்மைத் தாம் மறந்துவிடுகின்றனர் என்னும் கருத்துடைய பகுதி கண்ணிற் படுகின்றது. உடனே தம்மேற் சினங்கொண்டு, அடிவாரம் சேரும்வரை வாய் திறவாது இறங்குகின்றார். மலையின் அழகைக் கண்டுகொண்டவர் என உலகம் போற்றும் இவர், கண்ட அப்பொழுதே அதற்குப் புறங்காட்டியவர் ஆகின்றார்.

இக்கடிதத்தின் உண்மை பற்றியும் ஐயம் உண்டு. கடிதம் எவருக்கு எழுதப்பட்டதோ அத்துறவி 1342இல் இறந்துவிட்டார். கடிதமோ இன்றுள்ள வடிவில் 1353ஆம் ஆண்டளவிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் பலரின் துணிபு. தம்பி கெரார்தோ 1343இல் துறவு மடம் புகுந்தார். கடிதத்தில் தம்பி செங்குத்தான நேர்வழியில் ஏறுகின்றார். தமையனோ எளிய வழி தேடி மீண்டும் மீண்டும் பள்ளத்தில் இறங்கி இளைக்கின்றார். நிகழ்ந்து முடிந்த வாழ்க்கையை மலைவழியாக உருவகித்தார் என்பது வெளிப்படை. ஆயின் இதனாற் கடிதத்தின் தகுதி குன்றாது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் எனக் கொண்ட தமிழ் மரபினர்க்கு இது புதிதன்று. வினவ வேண்டியது, கலந்த இரண்டனுள் உலகியல் எவ்வளவு உயிரோடு உள்ளது என்பதே.

அவ்வாறு நோக்குமிடத்து, உயிருள்ள பகுதி உச்சியில் இல்லை, வழியில் உள்ளது. எளிய சரிவை நம்பிக் கீழே இறங்கிப் பின் இரட்டிப்புத் துன்பத்துடன் ஏறும் பகுதியை மலைவழியில் நடந்த எவனும் மெய்யென ஒப்புவான். அடிவாரத்தில் எதிர்ப்படும் கிழ இடையன் அதனினும் மெய்யானவன். ஐம்பது ஆண்டுக்கு முன்னர்த் தானும் உச்சிக்குச் சென்றதாகவும், களைப்பும் முள்ளாற் கிழிந்த உடலும் உடையுமே தனக்கு மிஞ்சியதாகவும் கூறி, அவன் அவர்களைத் தடுக்கின்றான். கேளாதபோது வழியைச் சுட்டிக் காட்டுகின்றான். முதல் ஏற்றம் எனப் போற்றப்படும் ஏற்றத்துக்கு ஐம்பது ஆண்டு முந்திய ஏற்றம் அக்கடிதத்துள்ளேயே பதிவாகியுள்ளது! அதற்கு உரியவன் பெயரில்லாத ஓர் இடையன். உரிப்பொருளை நாடி விரைந்த கவிஞர் தம்மையறியாமலே கருப்பொருளுக்கு இடந்தந்தார். அவர் எழுத்து வாழ்வது அவ்விடத்திலேதான்.

பாப்ரேயின் கட்டுரை இதற்கு நேர்மாறானது. பூச்சிகளின் வாழ்வை ஆராய்ந்த அவருடைய பெருநூலின் முதற்றொகுதி 1879இல் வெளிவந்தது. வான்தூ ஏற்றம் அதில் ஓர் இயலாக அமைந்துள்ளது. இருபது தடவைக்கு மேல் அம்மலையில் ஏறிய அவர், 1865 ஓகஸ்ட் மாதத்து ஏற்றமொன்றை அவ்வியலில் விரித்துரைக்கின்றார். அடிவாரத்தில் ஒலிவ மரம். மேலே செல்லச் செல்ல வேறு மரம். உச்சியிற் பனிநாட்டுப் பூக்களின் இனம். தெற்கிலிருந்து வடதுருவம் நோக்கிச் செல்லும் நெடும்பயணத்திற் காணத்தக்க மாற்றங்களை அரைநாள் ஏற்றத்திற் காணலாம் என்பது அவர் காட்டும் உண்மை. கோவேறு கழுதைகளின் சுமையும் வழியில் உண்ட உணவும் அக்கட்டுரையில் விடுபடவில்லை. முதலும் கருவும் இவ்வாறு நிறைந்த மலையெழுத்து அரிது.

உரிப்பொருள் இதில் இல்லையோ எனின், உண்டு. அறிவின் வடிவில் உண்டு. உச்சிக்கு அண்மையில் முகிலும் மழையும் சூழ, குழுவினர் திசை தடுமாறுகின்றனர். ஓரடி பிசகினும் பாதாளம். அப்பொழுது பாப்ரே தம் உடையில் எப்பக்கம் மிகுதியாக நனைந்துள்ளது என ஆராய்ந்து மழைக்காற்றின் திசையையும், அதனாற் செல்ல வேண்டிய திசையையும் துணிகின்றார். இருளிற் குடிலை அணுகியபோது, மனிதர் தங்கிய இடங்களை அடுத்து முளைக்கும் காஞ்சொறியின் கடி கையிற் படுகின்றது. குடில் அருகிலுள்ளது என அறிகின்றார். மலையின் பெருமையைப் பேசும் சொல் ஒன்றும் அங்கில்லை. ஆயினும் அச்சமும் நம்பிக்கையும் அப்பகுதியில் உள்ளவாறு வேறெங்கும் இல்லை. காரணங்களை அறிந்தவன் உயிர் பிழைத்தான் என்பதே அதன் செய்தி.

இனி, மூன்றாமவர். தூர் த பிரான்ஸ் எனப்படும் துவிச்சக்கர வண்டிப் போட்டி வான்தூ மலைமேல் முதன்முதற் சென்றது 1951இல். 1955ஆம் ஆண்டுப் போட்டியின்போது மலெசாக் என்னும் வீரர் அம்மலையின் வெப்பத்தில் உணர்விழந்து வீழ்ந்து, வைத்தியரால் உயிர் மீட்கப்பட்டார். அவ்வாண்டுப் போட்டியை நோக்கி ரோலான் பார்த் வரைந்த கட்டுரை, 1957இல் வெளிவந்த அவருடைய ‘புராணவியல்கள்’ என்னும் நூலில் இடம்பெற்றது. போட்டியை ஒரு காப்பியமாகவும், வீரரை ஓமரின் தலைவர்களாகவும், மலைகளை ஆளுமையுடைய பாத்திரங்களாகவும் அவர் காண்கின்றார். வான்தூ அங்கே பலி வேண்டும் கொடுந்தெய்வம் ஆகின்றது. ஊக்கமருந்தும் மருத்துவச் செய்தியாக அன்றி, தெய்வத்துக்குரியதைத் திருடும் குற்றமாகவே பேசப்படுகின்றது.

இக்கட்டுரையின் கூர்மையை மறுத்தல் இயலாது. மக்கள் ஒரு போட்டியை ஏன் காவியம்போற் பின்தொடர்கின்றனர் என்பதை இதனினும் சிறப்பாக விளக்கிய எழுத்து அரிது. அந்நூலின் நோக்கமும் புராணத்தைப் படைப்பதன்று. நாள்தோறும் வழங்கும் புராணங்களின் முடிச்சை அவிழ்ப்பதே. எனினும் அவிழ்க்க வந்த கை வான்தூவிற் புதிய முடிச்சொன்றை இட்டுவிட்டது. தெய்வத்தை எடுத்துக்கொண்ட ஆசிரியர், அத்தெய்வத்தோடு எண்ணத்தக்க உணவையும் நீரையும் தொழிலையும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டம் அவ்வீரரின் தொழில். அவர் கூலிக்கு உழைப்போர். அத்தொழிலுக்கு விதிகள் உண்டு. விதிகளை இயற்றுவோரும் உண்டு.

இக்குறையின் விளைவு பத்தாண்டின் பின்னர்ப் புலனாயிற்று. 1967 யூலை 13ஆம் நாள், 1965இல் உலகப் பட்டம் வென்ற ஆங்கிலேய வீரர் ரொம் சிம்சன், உச்சிக்குச் சற்றுக் கீழே வீழ்ந்து இறந்தார். அவருக்கு அப்போது வயது 29. ஒருமுறை வீழ்ந்து, மீண்டும் வண்டியில் ஏற்றப்பட்டுச் சிறிது தூரம் சென்ற பின்னர் நிகழ்ந்தது அது. வண்டியில் ஏற்றுமாறு அவர் கூறியதாகப் பரவிய சொற்கள் மெய்யாகவே அவருடையனவா என்பதிலும் ஐயம் உண்டு. மலையைத் தெய்வமாக்கும் மனம் வீரனின் வாயிலும் ஒரு வசனத்தை வைத்துவிடும் போலும்.

காரணங்களோ தெளிவானவை. அன்று கடும் வெயில். வீரருக்குச் சில நாள்களாக வயிற்று நோய். அவர் உடலில் அம்பெற்றமின் என்னும் ஊக்கமருந்தும் மதுசாரமும் காணப்பட்டன. அக்காலப் போட்டி விதியின்படி ஒருவர் பெறத்தக்க நீர் நான்கு போத்தல், அஃதாவது ஏறத்தாழ இரண்டு லீற்றர். நீரிழப்பின் தீமை அந்நாளிற் செவ்வையாக உணரப்படவில்லை. இவற்றுள் ஒன்றேனும் தெய்வத்தின் செயலன்று. மலை பலி கேட்டது என்று எழுதினால், அதன்மேல் வினா இல்லை. பலிக்கு விசாரணை எங்ஙனம்? நீர் போதவில்லை என்று எழுதினால் விதியை மாற்றலாம். மருந்து கொன்றது என்று எழுதினாற் சோதனையை இறுக்கலாம். அவ்வாறே 1968ஆம் ஆண்டுப் போட்டியில் மருந்துச் சோதனை நாள்தோறும் நடைபெற்றது. நீர்க் கட்டுப்பாடும் பிற்காலத்தில் ஒழிந்தது. மாற்றத்தை இயற்றியது காரணம் கூறும் மொழி. உருவக மொழி அன்று.

இதனால் மலையைப் பற்றி உருவகமே ஆளலாகாது என்பது கருத்தன்று. பாப்ரேயின் வழியில் மட்டும் சென்றால் இலக்கியம் வறண்டுபோம் என ஒருவர் தடை எழுப்பலாம். அத்தடை வலியுடையதே. பெத்திரார்க்காவின் பள்ளத்தாக்குப் பகுதி உருவகமேயாம். எனினும் அங்கு உருவகம் கால்நோவிலிருந்து பிறக்கின்றது. நோவைப் படிப்பவன் அறிந்த பின்னரே உயிரின் பயணம் என்னும் பொருள் அவனுக்கு வருகின்றது. பொருள் வந்த பின்னரும் நோவு மறைவதில்லை. கொடுந்தெய்வம் என்னும் உருவகத்திலோ தெய்வம் வந்தவுடன் நோவு மறைந்துவிடுகின்றது. மறைந்த இடத்தில் வியப்பு நிற்கின்றது. உடலின் துன்பத்தைப் பொருளாகக் கொண்ட எழுத்தை மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் தகாது. மலைக்கு மட்டுமன்று, போர், பஞ்சம், வெள்ளம் ஆகியவற்றைப் பாடும் எழுத்துக்கும் இது பொருந்தும். காலம் கேட்ட பலி என்றும் விதியின் விளையாட்டு என்றும் கூறும் நடை எத்துணை இனிதாயினும், யார் எதைச் செய்யாது விட்டனர் என்னும் கேள்வியை அது மூடிவிடுமாயின், இலக்கியத்தின் கடமையில் அது தவறியதே ஆகும்.

சிம்சன் வீழ்ந்த இடத்தில் 1968இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அவ்வழியே வண்டியில் ஏறுவோர் இன்றும் அங்கு நின்று, தொப்பிகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் கல்லின் முன் வைத்துச் செல்கின்றனர். இறந்தவனுக்கு வேண்டியிருந்தது எதுவென்பதை அவர்கள் உடம்பால் அறிந்தவர்கள்.