150 கிலோமீட்டர் போதும்

முதல்முறை நான் போட்ட திட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஸ்பெயினின் தெற்கில் அந்தலூசியா, ஏழு நாள், தினம் 350 கிலோமீட்டர். விடிகாலையில் சென்னையில் கிளம்பினால் காலைச் சாப்பாடு திருச்சியில் என்று பழகியவனுக்கு இதென்ன பெரிய தூரம்? இரண்டாம் நாள் மதியம் ஓர் ஆலிவ் மரத்தடியில், கையுறையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அதுவரை கடந்து வந்த ஊர்களில் ஒன்றின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. சட்டைப்பையில் இருந்த தாளை அங்கேயே கிழித்தேன்.

ஸ்பெயின் என்றால் கடற்கரையும் காளைச் சண்டையும்தான் பலருக்கு நினைவில் வரும். உண்மையில் அது மலை நாடு. கடல் மட்டத்திலிருந்து அதன் சராசரி உயரமே 600 மீட்டருக்கு மேல். மலாகா நகரில் கடலைப் பார்த்தபடி காபி குடித்துவிட்டுப் பைக்கை உதைத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மலைக்காற்று முகத்தில் அடிக்கும். வெயிலையும் மலையையும் இவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கும் இடம் ஐரோப்பாவில் குறைவு. அதனாலேயே குளிர்நாட்டுக்காரர்கள் பலர் பைக்கோடு இங்கே இறங்குகிறார்கள்.

இந்த மலைகளில் கிலோமீட்டர்க் கணக்கு உதவாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தவரின் தோளையும் மணிக்கட்டையும் கேளுங்கள், சொல்லும். அதையே காலை முழுக்கச் செய்வதாக வைத்துக்கொண்டு திட்டம் போட வேண்டும். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், மிஞ்சினால் 180. இது சோம்பேறித்தனம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்தத் தூரத்துக்கு அப்பால் கண் சாலையை மட்டும்தான் பார்க்கும், மலையைப் பார்க்காது.

காகித வரைபடம் ஒன்று வாங்கிவிடுங்கள். செல்பேசி வழிகாட்டி சீக்கிரம் போகும் வழியைத்தான் காட்டும். நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். மிஷ்லின் வரைபடங்களில் அழகான சாலைகளின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடும். அந்தப் பச்சையை விரலால் தொடர்ந்து போவதே முதல் சுற்றுலா. இன்னொரு கைக்கணக்கும் உண்டு: அந்தலூசியாவில் சாலை எண்ணில் இலக்கம் கூடக்கூடச் சாலை குறுகும். ஏ-7 கடற்கரையோரத்து வேகச்சாலை. சரக்கு லாரிக்கும் அவசரக்காரருக்கும் அதை விட்டுவிடலாம். ஏ-397 என்பது சான் பெத்ரோ தெ அல்காந்தராவிலிருந்து ரோந்தாவுக்கு ஏறும் மலைச்சாலை. அதுவே ஏ-4132 என்று நான்கு இலக்கமானால் ஆடும் கழுதையும் குறுக்கே வரும் மலைக்கிராமத்துச் சாலை.

ஏ-397 சுமார் ஐம்பது கிலோமீட்டரில், கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அகலம், வழுவழுப்பு, அகன்ற வளைவுகள் எல்லாம் உண்டு. பைக்காரர்களிடையே அதற்குப் பெரிய பெயர். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது பந்தயத் தடம் மாதிரி ஆகிவிடும். வார நாளில், அதுவும் முதல் நாள் கை பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கை பழகுவது என்றேனே, அது சின்ன விஷயமில்லை. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஊருக்குள் தவறு வராது, முன்னால் போகும் வண்டியே வழி காட்டிவிடும். சாப்பிட்டுவிட்டு ஆளில்லாத சாலையில் வண்டியை எடுக்கும்போதுதான் உடம்பு தன்னையறியாமல் இடப்பக்கம் சாயும். பெட்ரோல் டேங்க்கின் மேல் வலப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி ஒட்டிக்கொள்ளுங்கள். வட்டச் சந்திப்பில் சுற்றும் திசையும் மாறும். வளைவுகளின் சுபாவம்கூட இடம் மாறிவிடும். நம் மலைகளில் இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி ஒடுங்கலாகவும், வலப்பக்கம் திரும்புவது அகலமாகவும் இருக்கும். அங்கே வலப்பக்கத் திருப்பம்தான் ஒடுங்கல். எத்தனை வருடம் ஊட்டிக்கும் வால்பாறைக்கும் ஏறி இறங்கியிருந்தாலும் முதல் இரண்டு நாள் வலப்பக்கக் கொண்டை ஊசி ஒவ்வொன்றும் புதிதுதான்.

வளைவை ரசிப்பது என்றால் அதைப் படிப்பது. சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்றுசேர்ந்து மறையும் ஒரு புள்ளி இருக்கும். கண்ணை அதில் வையுங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அது உங்களை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். அது விலகி ஓட ஆரம்பித்தால் வளைவு அவிழ்கிறது, மெதுவாக ஆக்ஸிலேட்டரைத் திருப்பலாம். இதை ஒரு மணி நேரம் பழகினால் போதும், பிரேக் பிடிப்பதே குறைந்துவிடும். வண்டி ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்குத் தாளம் தப்பாமல் புரளும். வேகமாகப் போவதில் இந்தச் சுகம் கிடைக்காது. இருவழிச் சாதாரணச் சாலைகளில் 2019 முதல் மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு. மலையில் பெரும்பாலும் ஐம்பதும் அறுபதுமே போதுமானது.

தெற்கத்தித் தார்ச்சாலை வெயிலில் மெருகேறிப் பளபளக்கும். கோடை முடிந்து விழும் முதல் மழையில் அது சோப்புக் கட்டி. குளிர்காலத்து ஆலிவ் அறுவடையின்போது டிராக்டர் சக்கரங்கள் சேற்றையும் நசுங்கிய காய்களையும் சாலையில் இழைத்துவிட்டுப் போகும். ஹயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடி ஆலிவ் மரங்களுக்கு மேல் என்றால் எவ்வளவு டிராக்டர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை. தவறினால் செப்டம்பர் பின்பாதியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். உள்நாட்டுச் சமவெளியில் ஏசிஹா என்ற ஊருக்கு ‘அந்தலூசியாவின் வாணலி’ என்றே பட்டப்பெயர். 2021 ஆகஸ்டில் கோர்தோபா மாகாணத்தில் வெப்பம் 47 டிகிரியைத் தாண்டியது. வேலூர்க்காரர்கூட அந்த வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்க மாட்டார்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது அந்த நாட்டுக் கடிகாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பூகோளப்படி ஸ்பெயின் லண்டனோடு சேர வேண்டிய நாடு. 1940-ல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்தோடு சேர்த்தது, பிறகு அது திரும்பவே இல்லை. கோடைக்காக இன்னொரு மணி நேரம் கூடும்போது, மலாகாவில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் இரண்டேகால் வாக்கில். ஜூன் கடைசியில் பொழுது சாய்வது இரவு ஒன்பதரைக்கு மேல். இந்த ஒரு விவரம் தெரிந்தால் மொத்த நாளும் பிடிபடும். அவர்கள் இரண்டு மணிக்கு மேல் மதியம் சாப்பிடுவதும், ஒன்பதுக்கு மேல் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதும் வெறும் சோம்பல் இல்லை. சூரியனின் மணியைப் பார்த்துத்தான் வயிறு கேட்கிறது.

ஆகவே நாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை ஓர் ஓட்டம். பிறகு நீளமான சாப்பாடு, ஒரு தூக்கம். மாலை ஏழு மணிக்கு மேல் இன்னொரு சின்ன ஓட்டம். இந்த இரண்டாவது ஓட்டத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அந்த வேளையில் சுண்ணாம்பு மலைகள் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும், வெள்ளைக் கிராமங்களின் சுவர்களில் நிழல் மெல்ல ஏறும். காலையில் மேற்கே போங்கள், மாலையில் கிழக்கே வாருங்கள். வெயில் முதுகில் விழும், மலை முழு வெளிச்சத்தில் எதிரே நிற்கும். ஒரு எச்சரிக்கை: அப்போது எதிரே வருகிறவர் கண்ணில்தான் சூரியன். அவருக்கு உங்களைத் தெரியாது என்றே எண்ணி ஓட்டுங்கள். இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள், காட்டுப்பன்றிகளின் நேரம் அது.

இப்படி மடித்த நாளுக்குப் பொருத்தமான இடம் கிராசலேமா. ரோந்தாவிலிருந்து கொஞ்ச தூரம். ரோந்தாவில் பள்ளத்தாக்கின் மேல் 98 மீட்டர் உயரத்தில் நிற்கும் புதுப்பாலத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். அதன் பெயர்தான் புதுப்பாலம், கட்டி முடித்தது 1793-ல். இரவு தங்குவதற்குக் கிராசலேமாவுக்கு வந்துவிடுங்கள். வெயில் நாட்டில் மழைக்குப் பெயர்போன ஊர் அது. அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் மேகம் முதலில் முட்டிக்கொள்ளும் பெரிய மலை இது என்பதால், ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஈரத்தில்தான் பின்சாபோ என்ற தேவதாரு இனம் பனியுகத்திலிருந்து தப்பிப் பிழைத்து நிற்கிறது.

இங்கிருந்து சாரா தெ லா சியரா என்ற கிராமத்துக்கு ஒரு சாலை போகிறது. இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவே உயரத்தில் ஒரு கணவாய். புவெர்த்தோ தெ லாஸ் பலோமாஸ், அதாவது புறாக் கணவாய். அங்கே நான் புறாவைப் பார்த்ததில்லை, கழுகைத்தான் பார்த்தேன். பாறு இனத்துப் பெரிய பறவைகள், இறக்கையை அசைக்காமல், நாம் நிற்கும் மட்டத்துக்குக் கீழே வட்டமிடும். பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது ஒரு விநோதமான அனுபவம். எஞ்சினை நிறுத்திவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் காதில் இரைச்சல் இருக்கும். அது அடங்கிய பிறகு ஆட்டுக் கழுத்து மணிச் சத்தம் எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்று கேட்கும். கீழே நீர்த்தேக்கம், மயில்கழுத்து நிறத்தில். இந்தச் சாலையைக் காலையில் ஒருமுறை இறங்குங்கள், மாலையில் அதே சாலையில் ஏறுங்கள். போன வழியே திரும்புவது வீண் என்று நினைக்கிறவர்கள் உண்டு. மலையில் ஏற்றமும் இறக்கமும் இரண்டு சாலை.

கிழக்கே கிரனாடா. அல்ஹம்பரா அரண்மனைக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தால் ஒரு நாள் பைக்குக்கு ஓய்வு. நகரத்துக்குப் பின்னால் எழும் சியரா நெவாடாவில் முலாசென் சிகரம் 3479 மீட்டர். அதன் தெற்குச் சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும் அல்புஹாரா கிராமங்களுக்குத்தான் நான் இரண்டு இரவு கேட்பேன். 1492-ல் கிரனாடா வீழ்ந்தபின் இந்த மலைகளில் மூர்கள் என்ற முஸ்லிம்கள் இன்னும் பல பத்தாண்டு தாக்குப்பிடித்தார்கள். அவர்கள் வெட்டிய வாய்க்கால்களில் பனி உருகிய தண்ணீர் இன்றும் ஓடுகிறது. வீடுகளுக்குச் சரிந்த ஓட்டுக்கூரை இல்லாமல் களிமண் மெழுகிய தட்டை மாடி. மொட்டைமாடியில் மிளகாய் காய்வதைப் பார்த்தால் நமக்கு வேற்றூராகத் தோன்றாது. பம்பனேய்ரா, கபிலேய்ரா, பிறகு 1500 மீட்டரை நெருங்கும் திரெவேலெஸ்.

திரெவேலெஸில் கடை விட்டத்திலெல்லாம் பன்றித் தொடைகள் தொங்கும். மலைக்காற்றில் உலர்த்திய ஹமோன். சைவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மட்டும் போதாது, ஹமோனும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கணக்கில் அவை வேறு வகை. பயப்பட வேண்டாம், பட்டினி கிடக்க மாட்டீர்கள். சாலையோரத்தில் ‘வெந்தா’ என்று எழுதிய பழைய சத்திரங்கள் வரும். காலையில் அங்கே சுட்ட ரொட்டியில் தக்காளியை மசித்துப் பூசி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தருவார்கள். மதியத்துக்குக் கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல். வாசலில் லாரிகளும் விவசாயிகளின் வண்டிகளும் நிற்கும் வெந்தாவாகப் பார்த்து நுழையுங்கள்.

காகித வேலை: ஷெங்கன் விசா, அதற்கான காப்பீடு, நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. பயணக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் பெரிய எஞ்சின் பைக் ஓட்டுவதற்கு விலக்கு இருக்கும், பொடி எழுத்தைப் படியுங்கள். வாடகை பைக்குக்கு முன்பணம் கிரெடிட் கார்டில் பிடிப்பார்கள். எடுக்கும்போதே ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்துவிடுங்கள். பெரிய வண்டி கேட்காதீர்கள். இந்த வளைவுகளுக்கு 400, 500 சிசி தாராளம். அங்கே சாலையில் ராயல் என்ஃபீல்டைப் பார்த்தால், அது ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ பிறந்து கடல் தாண்டியதாக இருக்கும். எனக்குக் கிடைத்ததும் அதுதான். சீர்வரிசை தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது.

இரண்டாம் முறை போனது ஏப்ரல் கடைசியில். எட்டு நாள், அதில் ஓட்டியது ஆறு. திரெவேலெஸில் காலையில் பனி மூடிய சிகரத்தைப் பார்த்துக் கிளம்பி, மதியத்துக்குள் அல்முன்யேகர் கடற்கரையில் இருந்தேன். அந்தக் கரையில் மாம்பழமும் அவகேடோவும் விளைகின்றன. நம் சீத்தாப்பழத்தின் ஒன்றுவிட்ட சகோதரி செரிமோயாவும் அங்கே உண்டு. தோல் முண்டு முடிச்சில்லாமல், கையகலம். பருவம் முடியும் நேரம், கடைசிப் பழங்கள். கடலைப் பார்த்தபடி கரண்டியால் தோண்டி இரண்டைத் தீர்த்துவிட்டு, ஏ-7 பக்கமே போகாமல் பழைய கடற்கரைச் சாலையில் மலாகா வந்து சேர்ந்தேன்.

வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்ட பையன் மீட்டரைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். மறுபடி மீட்டரைப் பார்த்தான். எட்டு நாளில் 900 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

“வண்டி எங்காவது பழுதாகி நின்றுவிட்டதா?”

“இல்லை தம்பி. நான்தான் நின்றுவிட்டேன்.”