கடலைப் பார்க்கிற சிலை

இராஜாக்கமங்கலம் துறைக்குப் போனால் கரையில் நிற்பவர்களைக் கவனியுங்கள். உங்களைப் பார்க்க மாட்டார்கள். வள்ளம் வருதான்னு கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கிழக்கே கன்னியாகுமரியில் 2000-ல் திறந்த 133 அடி வள்ளுவர், கடலுக்கு முதுகைக் காட்டி நம்மைப் பார்க்கிறார். கணபதி ஸ்தபதியின் கல்வேலை, அந்த இடுப்பு வளைவு உட்பட, அபாரம்தான். பக்கத்திலேயே சுனாமி நினைவுச்சின்னம். ஒரு கை அலையைத் தடுக்கிறது, மறு கை விளக்கைக் காக்கிறது. புரிகிறது, கொஞ்சம் அதிகமாகவே!

இங்கிலாந்தின் க்ராஸ்பி கடற்கரையில் ஆன்டனி கோர்ம்லி, தன் உடம்பையே அச்செடுத்து வார்த்த 100 இரும்பு மனிதர்களை 2005-ல் நிறுத்தினார். அத்தனை முகமும் கடல் பக்கம். கடல் ஏறினால் மூழ்குவார்கள், வடிந்தால் துருவோடு மறுபடி நிற்பார்கள். விளக்கப் பலகை தேவையில்லை.

2017 ஒக்கிப் புயலில் போன பலரின் உடல்கூடத் திரும்பவில்லை. அவர்களுக்குச் சிலை வைப்பதானால் பீடமும் அமைச்சர் பெயரும் வேண்டாம். கடலைப் பார்த்து நிற்கும் ஒரு அம்மா போதும், அலை வந்து கால் நனைக்கிற தூரத்தில்.